தெரியாத எக்ஸி ஃபைலை தட்டுறதுக்கு முன்னாடி என்ன செக் பண்ணணும், எந்த வரிசையில செக் பண்ணணும்

கம்பத்துல கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வச்சிருக்கேன். பாதி கஸ்டமர் ஊருக்காரங்க, மீதிப் பேரு குமுளி, வண்டன்மேடு, ஆனவிலாசம்னு மேல இருந்து ஜீப்ல லேப்டாப்பை மடியில வச்சுக்கிட்டு வர்றவங்க. போன மாசம் ஒரு ஏலக்கா ஸ்டோர்ல கணக்கு பாக்குற தம்பி வந்தாப்ல. "அண்ணே, புத்தடி ஏலத்து ரேட்டு லிஸ்ட்டுன்னு வாட்ஸப்ல ஒரு பிடிஎஃப் வந்துச்சு, ஓப்பனே ஆகலண்ணே, மூணு தடவ தட்டிப் பாத்துட்டேன்"னாரு. அது பிடிஎஃப் இல்ல, எக்ஸி, அதாவது தட்டுனா ஓடுற புரோகிராம். மொத தட்டுலயே அது வேலைய ஆரம்பிச்சிருச்சு, மிச்ச ரெண்டு தட்டு சும்மா.

இது மாதிரி வர்றவங்க எல்லாரும் ஒரே தப்பத்தான் பண்றாங்க. நேரா ஆன்டிவைரஸ தொறந்து பச்சையா செவப்பான்னு பாக்குறாங்க, பச்சைன்னா தட்டிடுறாங்க. நான் ஸ்கேனை ஆறாவதாத்தான் வச்சிருக்கேன், ஏன்னா ஃபைல் எங்க இருந்து வந்துச்சு, இப்ப எங்க உக்காந்திருக்கு, இந்த ரெண்டு கேள்விக்கு பதில் கிடைச்சாலே முக்காவாசி முடிவு தெரிஞ்சிரும். எல்லாம் விண்டோஸ் 10, 11 வச்சுத்தான் சொல்றேன். போன்ல ஆப் போடுற ஃபைலான ஏபிகே தனிக்கதை, டிராஃபிக் ஃபைன் கட்டுங்கன்னு வாட்ஸப்ல ஏபிகே வந்தா அதை செக் பண்ணக்கூட வேணாம், அழிச்சிருங்க.

## ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி

மூணு விஷயம் தயாரா இருக்கணும்.

ஒண்ணு, ஃபைல் பேரோட வால், அதாவது கடைசிப் புள்ளிக்கு அப்புறம் வர்ற எழுத்து, தெரியணும். விண்டோஸ் தானாவே அந்த வாலை மறைச்சு வச்சிருக்கும். 11ல ஃபைல் எக்ஸ்ப்ளோரர் தொறந்து வியூ, அதுல ஷோ, அதுல ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ். 10ல வியூ டேப்லயே அந்த டிக் இருக்கும். இதை ஒருதடவ போட்டுட்டா போதும், நான் சர்வீஸுக்கு வர்ற எல்லா மெஷின்லயும் கேக்காமலே போட்டு விட்டுருவேன்.

ரெண்டு, அதே வியூல டீட்டெய்ல்ஸ்னு மாத்திக்கோங்க. பெரிய பெரிய ஐகானா பாத்துக்கிட்டு இருந்தீங்கன்னா ஐகானை நம்பிடுவீங்க, ஐகான் யாரு வேணா ஒட்டலாம். டீட்டெய்ல்ஸ்ல டைப்னு ஒரு காலம், அதாவது மேல இருந்து கீழ வர்ற ஒரு பத்தி, வரும், அதுதான் நமக்கு வேணும்.

மூணு, கையில இன்னொரு போனோ கம்ப்யூட்டரோ இருக்கட்டும். சந்தேகப்படுற மெஷின்லயே உக்காந்து தேடுறதும் பேங்க் பாஸ்வேர்டு மாத்துறதும் நல்லதில்ல.

## 1. எங்க இருந்து வந்துச்சுன்னு கேளுங்க

செலவே இல்லாத ஸ்டெப் இது, ஆனா எல்லாரும் தாண்டிப் போறதும் இதைத்தான். யாரு அனுப்புனா, நீங்க கேட்டு அனுப்புனாங்களா, கேக்காம வந்துச்சா? தெரிஞ்சவங்க நம்பர்ல இருந்து வந்ததுன்னா ஒரு போன் போட்டு "நீங்கதான் அனுப்புனீங்களா"ன்னு கேளுங்க. மெசேஜ்ல கேக்காதீங்க, அக்கவுண்ட்டை வேற ஆள் பிடிச்சிருந்தா அவனே "ஆமா நான்தான்"னு பதில் போடுவான்.

நீங்களே டவுன்லோட் பண்ணதுன்னா எந்த சைட்டுன்னு பாருங்க. இதுல நானே ஒருதடவ ஏமாந்திருக்கேன். பில்லு அடிக்கிற பிரிண்டருக்கு டிரைவர் தேடுனேன், தேடுனதுல மேலாப்ல வந்த லிங்க்கை தட்டிட்டேன், அது விளம்பரம். கம்பெனி சைட்டு மாதிரியே இருந்துச்சு, இறங்குனது வேற என்னமோ. அன்னிக்கு இருந்து டிரைவர்னா பிரிண்டரோட அட்டப்பெட்டியில போட்டிருக்குற அட்ரஸை கையால அடிச்சுத்தான் போறேன்.

குரோம் மாதிரி பிரவுசர்ல இறக்குன ஃபைல்னா, அது வந்த இடத்தை விண்டோஸ் ஒரு சின்ன முத்திரையா அந்த ஃபைலோடயே ஒட்டி வச்சிருக்கும். ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், ஜெனரல் டேப்ல அடியில இந்த ஃபைல் வேற கம்ப்யூட்டர்ல இருந்து வந்ததுன்னு இங்கிலீஷ்ல ஒரு வரி, பக்கத்துல அன்பிளாக்னு ஒரு டிக். நம்மாளுங்க மொத வேலையா அந்த டிக்கை போட்டுடுறாங்க. போடாதீங்க, அந்த முத்திரை இருக்குற வரைக்கும்தான் ஸ்மார்ட்ஸ்க்ரீன்ங்கற விண்டோஸோட காவல்காரன் உங்களுக்காக ஒருதடவ நின்னு கேக்கும். இன்னொண்ணு, பெரும்பாலான பென்டிரைவ் ஃபேட்32 இல்லன்னா எக்ஸ்ஃபேட்ங்கற ஃபார்மட்ல இருக்கும், அதுல ஏறி இறங்குனா இந்த முத்திரை போயிரும். அதனால பென்டிரைவ்ல வந்த ஃபைலுக்கு எச்சரிக்கை வரலன்னா அது நல்ல ஃபைல்னு அர்த்தம் இல்ல.

காசு கட்டாம சாஃப்ட்வேரை ஓட்ட வைக்கிற கிராக், ஆக்டிவேட்டர்னு வந்ததுன்னா இதுக்கு மேல படிக்க வேணாம். "மொதல்ல ஆன்டிவைரஸ ஆஃப் பண்ணு"ன்னு கூடவே ஒரு டெக்ஸ்ட் ஃபைல் வரும் பாருங்க, வீட்டுக்கு வர்றவன் நாயக் கட்டிப்போடுங்கறான், ஏன் சொல்றான்னு யோசிக்கணும்ல.

## 2. முழுப் பேரையும் டைப்பையும் பாருங்க

வால் தெரியுற மாதிரி வச்சாச்சு. இப்ப கடைசிப் புள்ளிக்கு அப்புறம் என்ன இருக்குன்னு மட்டும் பாருங்க. நடுவுல பிடிஎஃப், ஜேபிஜின்னு என்ன இருந்தாலும் கணக்கில்ல. எக்ஸி, எம்எஸ்ஐ, எஸ்சிஆர், பேட், சிஎம்டி, விபிஎஸ், ஜேஎஸ், ஹெச்டிஏ, பிஎஸ்1, ஜார் இதெல்லாம் தட்டுனா ஓடக்கூடியவை. எஸ்சிஆர்ங்கறது ஸ்க்ரீன்சேவர்னு பேரு, உள்ள இருக்குறது சாதா எக்ஸிதான்.

பேரை மட்டும் நம்பாம டைப் காலத்தையும் பாக்கச் சொல்றதுக்கு காரணம் இருக்கு. பேருக்குள்ள கண்ணுக்குத் தெரியாத ஒரு எழுத்தை வச்சு மிச்ச எழுத்தையெல்லாம் வலமிருந்து இடமா திருப்பிக் காட்ட முடியும், அப்ப பேரு பிடிஎஃப்னு முடியுற மாதிரி கண்ணுக்கு தெரியும், டைப்ல அப்ளிகேஷன்னு இருக்கும். டைப் சொல்றதுதான் நெசம்.

மலையாளம் டைப் பண்ண ஃபாண்ட்டு வேணும், தமிழ் பாமினி ஃபாண்ட்டு வேணும்னு பார்டர்ல டிடிபி கடை வச்சிருக்குற பயலுக எதையாவது இறக்கிட்டு வருவாங்க. ஃபாண்ட்டுன்னா டிடிஎஃப் இல்லன்னா ஓடிஎஃப். எக்ஸியா வந்தா அது ஃபாண்ட் இல்ல, ஒரு புரோகிராம், ஃபாண்ட்டு அதுக்குள்ள இருந்தாலும் இருக்கலாம் இல்லாமலும் போகலாம். டைப்பிங் சாஃப்ட்வேர்னா எக்ஸியாத்தான் வரும், என்ஹெச்எம் ரைட்டரும் அழகியும் அப்படித்தான், அதை செஞ்சவங்க சைட்டுல இருந்து எடுத்தா பிரச்சனை இல்ல.

இப்ப ஷார்ட்கட் வைரஸ். ஜெராக்ஸ் கடை கடையா அலையுற பென்டிரைவ்ல இன்னமும் இதுதான் ராஜா. பென்டிரைவ தொறந்தா உங்க ஃபோல்டர் எல்லாம் இருக்குற மாதிரியே இருக்கும், ஆனா ஒவ்வொண்ணுலயும் மூலையில ஒரு குட்டி அம்புக்குறி. உங்க நெசமான ஃபோல்டர மறைச்சிட்டு அதே பேர்ல ஷார்ட்கட் வச்சிருக்கும், நீங்க தட்டுனா பின்னாடி வைரஸும் ஓடும், முன்னாடி உங்க ஃபோல்டரும் தொறக்கும், அதனால உங்களுக்கு ஒரு சந்தேகமும் வராது. இதோட வால் எல்என்கே. வால் காட்டுற செட்டிங்க ஆன் பண்ணியிருந்தாலும் எல்என்கேவ மட்டும் விண்டோஸ் காட்டாது, அதான் சூட்சுமம். அம்புக்குறியும் டைப் காலத்துல ஷார்ட்கட்னு வர்றதும்தான் அடையாளம். பென்டிரைவ்ல ஃபோல்டருக்கு ஷார்ட்கட் இருக்க வேண்டிய அவசியமே கிடையாது. வியூல ஹிட்டன் ஐட்டம்ஸ் டிக் போட்டா உங்க ஃபோல்டர் மங்கலா தெரியும், சிலது சிஸ்டம் ஃபைல்னும் மாத்தியிருக்கும், அப்ப ஃபோல்டர் ஆப்ஷன்ஸ்ல போய் புரொடெக்டட் ஃபைலை மறைக்கிற டிக்கையும் எடுக்கணும். ஃபைலை காப்பி பண்ணிட்டு பென்டிரைவ ஃபார்மட் பண்ணுங்க. ஃபார்மட் பண்ணியும் திரும்ப வந்துச்சுன்னா வைரஸ் உங்க மெஷின்ல இருக்கு, எட்டாவது ஸ்டெப்புக்கு போங்க.

## 3. எங்க உக்காந்திருக்குன்னு பாருங்க

நீங்க இறக்குன ஃபைலுக்கு இது தேவையில்ல. ஏற்கெனவே மெஷின்ல ஏதோ ஒரு பேர் ஓடிக்கிட்டு இருக்கு, அது என்னன்னு தெரியலங்கறவங்களுக்கு இது.

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேத்து அமுக்குனா டாஸ்க் மேனேஜர் வரும். பேர் மேல ரைட் கிளிக், ஓப்பன் ஃபைல் லொக்கேஷன். புரோகிராம் ஃபைல்ஸ்ல இருந்தா ஒழுங்கா இன்ஸ்டால் ஆனது, அதுக்குள்ள எழுத அட்மின் பர்மிஷன் வேணும். டெம்ப், யூசர்ஸ் அடியில பப்ளிக், புரோகிராம்டேட்டாவுல நேரா ஒரு அர்த்தமில்லாத பேர்ல ஃபோல்டர், இங்கெல்லாம் இருந்தா புருவத்தை தூக்குங்க. ஆப்டேட்டாவும் அப்படித்தான், ஆனா அங்க இருக்குறதெல்லாம் கெட்டதுன்னு கிடையாது, ஜூம் கூட அங்கதான் போய் உக்காரும்.

எஸ்விசிஹோஸ்ட்னு விண்டோஸோட சொந்த புரோகிராம் ஒண்ணு ஐம்பது அறுபது தடவ ஓடுதேன்னு பயந்துபோய் வர்றவங்க நெறைய பேரு. "அண்ணா, இது வைரஸ் தன்னெயா"ன்னு குமுளியில இருந்து ஒருத்தரு ஸ்க்ரீனை போட்டோ எடுத்து அனுப்புனாரு. அத்தனை ஓடுறது சகஜம். சி டிரைவ், விண்டோஸ், சிஸ்டம்32 உள்ள இருந்தா சரி. அதே பேரு டெம்ப்ல இருந்தா திருடன். எழுத்து மாறியிருக்கான்னும் பாருங்க, எஸ்சிவிஹோஸ்ட்னு விக்கும் சிக்கும் இடம் மாத்தி வச்சிருப்பான், ஓவுக்கு பதிலா சைபர் போட்டிருப்பான், அவசரத்துல பாத்தா தெரியாது. எக்ஸ்ப்ளோரர் மட்டும் சிஸ்டம்32ல இல்லாம நேரா விண்டோஸ் ஃபோல்டர்ல இருக்கும், அது சரிதான்.

இருக்குற இடம் சரியா இருந்தும் வேலை தப்பா இருக்கலாம், இங்கதான் கொஞ்சம் விவரம் தெரிஞ்சவங்களும் தடுக்கி விழுறாங்க. டபிள்யூஸ்க்ரிப்ட்டுன்னு ஒரு ஃபைல், மைக்ரோசாஃப்ட்டோடது, சிஸ்டம்32ல இருக்கும், சிக்னேச்சரும் சுத்தம். ஆனா மேல சொன்ன ஷார்ட்கட் வைரஸ் இதைத்தான் வேலைக்காரனா வச்சு தன்னோட விபிஎஸ் ஃபைலை ஓட்டும். இதை கண்டுபிடிக்க டாஸ்க் மேனேஜர்ல டீட்டெய்ல்ஸ் டேப்ல காலம் தலைப்பு மேல ரைட் கிளிக், செலக்ட் காலம்ஸ், கமாண்ட் லைன் டிக் போடுங்க. டபிள்யூஸ்க்ரிப்ட்டுக்கு பக்கத்துல ஆப்டேட்டாவுல இருக்குற ஏதோ ஒரு விபிஎஸ் பேரு தெரிஞ்சா அந்த விபிஎஸ்தான் ஆளு. டபிள்யூஸ்க்ரிப்ட்டை அழிச்சிறாதீங்க, அழிச்சிட்டு வந்தவங்களையும் பாத்திருக்கேன்.

## 4. சிக்னேச்சர் பாருங்க

சிக்னேச்சர்ங்கறது ஃபைலை செஞ்ச கம்பெனி அதுல போடுற டிஜிட்டல் கையெழுத்து. ஃபைல் மேல ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ் டேப். டேப் இருக்குன்னு பாத்துட்டு விட்டுறக்கூடாது. லிஸ்ட்ல இருக்குற பேரை செலக்ட் பண்ணி டீட்டெய்ல்ஸ் அமுக்குங்க, சிக்னேச்சர் ஓகேன்னு வரணும். கையெழுத்துப் போட்ட பேரும் நீங்க நினைக்கிற கம்பெனியும் ஒண்ணா இருக்கணும். சிக்னேச்சர் சரியா இருந்தா, போட்டதுக்கு அப்புறம் யாரும் ஃபைல்ல கை வைக்கலன்னு அர்த்தம்.

அதே பிராப்பர்ட்டீஸ்ல டீட்டெய்ல்ஸ்னு இன்னொரு டேப் இருக்கும், அதுல கம்பெனி பேரு, காப்பிரைட் எல்லாம் போட்டிருக்கும். அதைப் பாத்து ஏமாறாதீங்க, புரோகிராம் எழுதுறவன் அங்க என்ன வேணா எழுதிக்கலாம், லாரிக்குப் பின்னாடி எழுதுற மாதிரி.

சிஸ்டம்32ல இருக்குற பல ஃபைலுக்கு இந்த டேப்பே வராது. பயப்படாதீங்க, அதோட சிக்னேச்சர் தனியா ஒரு கேட்டலாக் ஃபைல்ல இருக்கும். மைக்ரோசாஃப்ட் சிஸ்இன்டர்னல்ஸ்ல இலவசமா கிடைக்கிற புராசஸ் எக்ஸ்ப்ளோரர்ல வெரிஃபை இமேஜ் சிக்னேச்சர்ஸ் ஆன் பண்ணா அதையும் சேத்து பாத்துச் சொல்லிரும்.

சின்ன கம்பெனிக்காரங்க பல பேரு காசு கட்டி சிக்னேச்சர் வாங்க மாட்டாங்க, அதனால இல்லங்கறது குத்தம் இல்ல. இருக்குங்கறதும் முழு நிம்மதி இல்ல, 2010ல வெளிய வந்த ஸ்டக்ஸ்நெட்ங்கற வைரஸ்ல ரெண்டு தைவான் கம்பெனிகளோட திருடுன சர்டிஃபிகேட்டை வச்சுத்தான் கையெழுத்து போட்டிருந்தாங்க. பெரிய கம்பெனி பேரைச் சொல்லிக்கிட்டு சிக்னேச்சர் இல்லாம வந்தா மட்டும் அங்கயே நிறுத்திருங்க.

## 5. ஹாஷ் எடுத்து தேடுங்க

ஹாஷ்ங்கறது ஃபைலோட கைரேகை. எஸ்ஹெச்ஏ256னா 64 எழுத்து வரும். ஃபைல்ல ஒரே ஒரு எழுத்து மாறுனாலும் ரேகை முழுசா மாறிடும்.

ஸ்டார்ட்ல பவர்ஷெல்ங்கற கமாண்ட் அடிக்கிற விண்டோவ தொறங்க, அட்மினா வேணாம், சாதாவா. கெட், ஒரு ஹைபன், ஃபைல்ஹாஷ், இதை இங்கிலீஷ்ல சேத்து அடிச்சு ஒரு ஸ்பேஸ் விடுங்க. அப்புறம் ஃபைலை மவுஸால இழுத்து அந்த விண்டோ மேல போட்டா அட்ரஸ் தானா வந்து உக்காரும், என்டர் தட்டுங்க. அட்மினா தொறந்திருந்தா இழுத்துப் போட விடாது, நெறைய பேரு இங்க மாட்டிக்கிட்டு முழிப்பாங்க. இழுக்கும்போது ரெண்டு தடவ தட்டிறாம பாத்துக்கோங்க.

அந்த 64 எழுத்தை காப்பி பண்ணி, பல ஆன்டிவைரஸ் ஒண்ணா சேந்து பாத்துச் சொல்ற வைரஸ்டோட்டல் சைட்ல சர்ச்ல போடுங்க. ஃபைலை அப்லோட் பண்ணாம ஏன் ஹாஷ்னா, அங்க அப்லோட் பண்றது செக்யூரிட்டி கம்பெனிகளுக்கும் போகும், காசு கட்டி மெம்பரா இருக்குறவங்க எடுத்துப் பாக்கலாம். ஆதார் காப்பி, சம்பள லிஸ்ட்டுன்னு உள்ள இருந்தா ஊரு பூரா போயிரும்.

ரிசல்ட்டை படிக்கிறதுலதான் வித்தை இருக்கு. அங்க கிட்டத்தட்ட எழுபது ஆன்டிவைரஸ் இருக்கு. பத்து பதினஞ்சு செவப்பா வந்தா யோசிக்காம தூக்கிப் போடுங்க. ஒண்ணு ரெண்டு மட்டும், அதுவும் கேள்விப்படாத பேரு, எந்த வைரஸ்னு சொல்லாம ஜெனரிக்னோ ஹியூரிஸ்டிக்னோ மொட்டையா சொல்லுதுன்னா அது தப்பான அலாரமா இருக்க நெறைய வாய்ப்பு, மத்த ஸ்டெப்போட சேத்துப் பாருங்க. ஒண்ணுமே கிடைக்கலன்னு வந்தா சுத்தம்னு எடுத்துக்காதீங்க, இந்த ஃபைலை அங்க இதுவரைக்கும் யாரும் குடுக்கலங்கறது மட்டும்தான் அதுக்கு அர்த்தம். லட்சக்கணக்கான பேரு யூஸ் பண்ற சாஃப்ட்வேருன்னு சொல்லிக்கிட்டு அங்க பேரே இல்லன்னா, அதுதான் பெரிய சந்தேகம். டீட்டெய்ல்ஸ் பக்கத்துல மொத மொதல்ல எப்ப வந்துச்சுன்னு தேதி இருக்கும், அஞ்சு வருஷப் பழைய சாஃப்ட்வேர்னு சொன்னது நேத்துதான் வந்திருக்குன்னா கணக்கு இடிக்குதுல்ல.

விஎல்சி, லிப்ரஆபீஸ் மாதிரி ஆளுங்க தங்களோட சைட்லயே ஹாஷ் போட்டிருப்பாங்க. 64 எழுத்தையும் கண்ணால ஒப்பிட வேணாம், அந்தப் பக்கத்துல கண்ட்ரோல் எஃப் போட்டு உங்க ஹாஷை பேஸ்ட் பண்ணுங்க, மஞ்சளா காட்டுனா ஒண்ணுதான். பவர்ஷெல் பெரிய எழுத்துல குடுக்கும், சைட்ல சின்ன எழுத்துல இருக்கும், அதுல ஒண்ணும் இல்ல.

ஒரு தந்திரம் தெரிஞ்சு வச்சுக்கோங்க. அஞ்சு எம்பி ஜிப், பிரிச்சா எழுநூறு எண்ணூறு எம்பி எக்ஸி. உள்ள வெறும் சைபரா நெரப்பி வச்சிருப்பான், ஸ்கேனர் பெரிய ஃபைலை விட்டுரும், வைரஸ்டோட்டலும் 650 எம்பிக்கு மேல வாங்காதுன்னு கணக்கு. பாஸ்வேர்டு போட்ட ஜிப்பும் அதே கதைதான், பாஸ்வேர்டை மெசேஜ்லயே குடுத்திருப்பான், ஆன்டிவைரஸால உள்ள எட்டிப் பாக்க முடியாது.

## 6. இப்ப ஸ்கேன்

ரைட் கிளிக், ஸ்கேன் வித் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர். 11ல ஷோ மோர் ஆப்ஷன்ஸ் உள்ள இருக்கலாம். அதுக்கு முன்னாடி விண்டோஸ் செக்யூரிட்டில அப்டேட் குடுத்திருங்க, பழைய லிஸ்ட்டை வச்சு தேடுறது வேஸ்ட். ரெண்டு ஆன்டிவைரஸ் ஒண்ணா போடாதீங்க, ஒண்ணை ஒண்ணு பிடிச்சுக்கிட்டு மெஷின் நகராது.

## 7. ஓட்டித்தான் பாக்கணும்னா சாண்ட்பாக்ஸ்ல

சாண்ட்பாக்ஸ்ங்கறது மெஷினுக்குள்ள தனியா அடைச்சு வச்ச இன்னொரு விண்டோஸ். விண்டோஸ் சாண்ட்பாக்ஸ் புரோ, என்டர்பிரைஸ், எஜுகேஷன்ல மட்டும்தான் இருக்கு, ஹோம்ல கிடையாது. டர்ன் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் ஆன் ஆர் ஆஃப்ல போய் டிக் போட்டு ரீஸ்டார்ட் பண்ணணும். டிக்கே மங்கலா இருந்தா பயாஸ்ல வெர்ச்சுவலைசேஷன் ஆஃப்ல இருக்கும், டாஸ்க் மேனேஜர்ல பெர்ஃபார்மன்ஸ், சிபியுல அது தெரியும்.

உள்ள ஒரு புது விண்டோஸ் தொறக்கும், ஃபைலை காப்பி பண்ணி அங்க பேஸ்ட் பண்ணி ஓட்டலாம், மூடுனா எல்லாம் அழிஞ்சிரும். நெட்டும் கிளிப்போர்டும் தானாவே ஆன்ல இருக்கும், அதனால உள்ள உக்காந்து மெயில் லாகின், பேங்க் லாகின் எதுவும் பண்ணாதீங்க. சில வைரஸ் சாண்ட்பாக்ஸ்னு மோப்பம் பிடிச்சு நல்லபுள்ள மாதிரி சும்மா இருக்கும், அதனால உள்ள ஒண்ணும் நடக்கலங்கறத மட்டும் வச்சு வெளிய ஓட்டிறாதீங்க.

ஹோம் எடிஷன்காரங்களுக்கு நான் சொல்றது, ஆறு ஸ்டெப்புலயும் தேறாத ஃபைலை ஓட்டவே ஓட்டாதீங்க, அதே வேலைக்கு வேற சாஃப்ட்வேர் கிடைக்கும்.

## 8. ஏற்கெனவே தட்டியாச்சுன்னா

மொத வேலை நெட்டை கட் பண்ணுங்க, வைஃபை ஆஃப், கேபிளை உருவுங்க. திருடுன பாஸ்வேர்டை அனுப்ப நெட்டு வேணும், அதுக்காகத்தான். அப்புறம் மறுபடி தட்டிப் பாக்காதீங்க, ஸ்டோர் தம்பி மாதிரி.

இன்னொரு மெஷின்ல இருந்து மெயில் பாஸ்வேர்டை மொதல்ல மாத்துங்க, மத்த எல்லாத்துக்கும் ரீசெட் லிங்க் அங்கதான் வரும். அப்புறம் பேங்க். எல்லா டிவைஸ்லயும் லாகவுட் குடுங்க, வைரஸ் பிரவுசர்ல இருக்குற லாகினையே தூக்கிட்டுப் போயிருந்தா பாஸ்வேர்டு மாத்துறது மட்டும் பத்தாது.

பாதிச்ச மெஷின்ல விண்டோஸ் செக்யூரிட்டி, ஸ்கேன் ஆப்ஷன்ஸ், ஆஃப்லைன் ஸ்கேன். ரீஸ்டார்ட் ஆகி விண்டோஸ் ஏறுறதுக்கு முன்னாடியே தேடும், கால் மணி நேரம் ஆகும். வைரஸ் ஓடிக்கிட்டு இருக்கும்போது தேடுனா அது ஒளிஞ்சுக்கும், அதனால இந்த வழி. முடிஞ்சதும் சிஸ்இன்டர்னல்ஸ் ஆட்டோரன்ஸை இன்னொரு மெஷின்ல இறக்கி சுத்தமான பென்டிரைவ்ல கொண்டுவந்து தொறந்து, ஆன் பண்ணதும் தானா ஓடுற லிஸ்ட்ல ஆப்டேட்டா, டெம்ப்னு காட்டுறதையெல்லாம் மூணாவது, நாலாவது ஸ்டெப் வச்சு பாருங்க. சந்தேகமா இருந்தா உடனே டெலிட் பண்ணாம டிக்கை மட்டும் எடுங்க, தப்பா எடுத்திருந்தா திருப்பிப் போட்டுக்கலாம். மத்திய அரசோட சைபர் பாதுகாப்பு அமைப்பான சிஈஆர்டி-இன் நடத்துற சைபர் ஸ்வச்தா கேந்திரா சைட்லயும் இலவச கிளீனிங் டூல் இருக்கு.

காசு போயிருந்தா சைபர் கிரைம் ஹெல்ப்லைன் 1930க்கு உடனே போன் அடிங்க, தமிழ்நாடு கேரளா ரெண்டு பக்கத்துக்கும் அதே நம்பர்தான், எவ்வளவு சீக்கிரம் அடிக்கிறீங்களோ அந்தளவுக்கு பணத்தை நடுவுலயே நிறுத்தி வைக்க வாய்ப்பு. பேங்க் லாகின் இருந்த மெஷின்னா, ஸ்கேன்ல சுத்தம்னு வந்தாலும் நான் டாக்குமெண்ட்டை மட்டும் எடுத்து வச்சுட்டு விண்டோஸை புதுசாத்தான் போட்டுக் குடுப்பேன். ஸ்டோர் தம்பிக்கும் அப்படித்தான் போட்டேன், மறுநாள் காலையில மொத ஜீப்புக்கு குடுத்து விட்டேன்.